ஒளிப்படமும் நிழற்படமும்
மலைக்காட்டுக் கரும்பறவையொன்றை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

தமிழில் ஒரே பொருளுக்கு ஒளிப்படம், நிழற்படம், புகைப்படம் என மூன்று பெயர்கள் வழங்கி வருகின்றன. ஒளிப்படம் என்னும் பெயர் அக்கலையின் கருவியை உணர்த்துவது. ஒளியினால் வரையப்படுவது என்பது அதன் பொருள். நிழற்படம் என்னும் பெயரோ ஒளி சென்று சேராத இடத்தையும் உளங்கொள்ள வைப்பது. அன்றாட வழக்கில் இவற்றிடையே வேறுபாடு பாராட்டப்படுவதில்லை. ஆயின், காட்டின் அடித்தளத்து இருளில் வாழ்வதும், அவ்விருளின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டதும், மனித நடமாட்டத்தைக் கண்டு ஒதுங்குவதுமான ஒரு பறவையைப் படமாக்க முனையும்போது இவ்விரு பெயர்களும் இரு வேறு கலைக்கொள்கைகளாகப் பிரிந்து நிற்கின்றன. அப்பறவையை ஒளிக்குள் இழுத்து வந்து காட்டுவதா, அது வாழும் நிழலோடு சேர்த்துக் காட்டுவதா என்பதே வினா. இது கமராவின் நுட்பம் பற்றிய வினாவாக மட்டும் அமையாது, கலையில் உண்மை என்பது யாது என்னும் பழைய வினாவாகவும், ஓர் உயிரைக் காணும் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்னும் அறவியல் வினாவாகவும் விரிகின்றது.

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு மட்டுமே உரிய சீழ்க்கைப் பூங்குருவி இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். சிங்களத்தில் அரங்கயா எனவும், பழைய ஆங்கில நூல்களில் அரெங்கா எனவும் வழங்கும் இப்பறவை, படமெடுப்போர் பலரால் விரும்பித் தேடப்படுவது, எளிதிற் கிட்டாதது. கிட்டாமையே அதன் மதிப்பை உயர்த்தியது. அம்மதிப்பே அதற்கு இடராகவும் அமைந்து விட்டது.

பறவையும் களமும்

அரெங்கா ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமுடைய பறவை. ஆணின் உடல் கருமை படர்ந்தது. தோளில் மட்டும் ஒளிரும் நீலத் திட்டொன்று உண்டு. பெண் கபில நிறம் மிகுந்தது. அதன் தோளிலும் சிறிதளவு நீலம் காணப்படும். அலகும் கால்களும் கரியவை. ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்துக்கு மேற்பட்ட மலைக்காடுகளில், பாசி படர்ந்த பாறைகளினூடே ஓடும் சிற்றருவிகளை அடுத்து இது வாழ்கின்றது. பூச்சிகளையும், சிறு தவளை, பல்லி முதலியவற்றையும் நிலத்தருகே தேடி உண்கின்றது. ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கலை, சிவனொளிபாதமலைக் காடுகள், நக்கிள்ஸ் மலைத்தொடர் என்பன இதன் வாழிடங்களுட் குறிப்பிடத்தக்கவை. ஹோர்ட்டன் சமவெளியிலே பாதையோரக் குளமொன்று இப்பறவையின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. உலக அளவில் அருகி வரும் இனங்களுள் ஒன்றாக இது கணிக்கப்பட்டுள்ளது.

புலரியிலும் அந்தியிலுமே இது பெரும்பாலும் வெளிப்படும். அப்போதும் முதலில் அறியப்படுவது அதன் உருவமன்று. கூரிய, மேலெழுந்து செல்லும் சீழ்க்கையொலியே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இதன் உறவினமாகிய மலபார்ச் சீழ்க்கைப் பூங்குருவி, சிறுவனொருவன் நடந்துகொண்டே சீழ்க்கையடிப்பது போல நெடிய இசையை எழுப்ப வல்லது. அரெங்காவின் குரல் அத்துணை விரிவுடையதன்று. அருவியின் இரைச்சலை ஊடறுத்துச் செல்வதற்கென்றே அமைந்தது போன்ற ஒற்றைக் கூர்மை அதில் உண்டு.

இந்நாட்டுக் காடுகளில் செவி கண்ணுக்கு முந்தியது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. இலங்கைக்கே உரிய சிற்றாந்தையொன்றின் குரலை 1995இல் தீபால் வறகாகொட கித்துள்கலைக் காட்டிற் கேட்டார். அதன் உருவத்தை அவர் சிங்கராஜ வனத்திற் கண்டது 2001இலேயே. அறிவியல் முறைப்படி அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது 2004இல். ஓர் உயிர் ஆறாண்டுக் காலம் குரலாக மட்டுமே அறியப்பட்டிருந்தது என்பது படக்கலையாளர் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும். காணப்படாமை என்பது இல்லாமை ஆகாது. காணப்படாதிருத்தல் சில உயிர்களின் வாழ்க்கை முறையாகவே அமைந்திருக்கின்றது.

துவக்கிலிருந்து கமரா வரை

எக்கலையையும் அதன் வரலாற்றுச் சூழலிலிருந்து பிரித்து மதிப்பிடுதல் பொருந்தாது. அரெங்கா மேனாட்டு அறிவியலின் பதிவேட்டுக்குள் 1872இல் நுழைந்தது. ஹோல்ட்ஸ்வேர்த் என்பார் அதனை விவரித்து, அதன் அறிவியற் பெயரில் சாமுவேல் பிளை என்னும் தோட்டத் துரையின் பெயரைப் பொறித்தார். பிளை கோப்பித் தோட்டக்காரர். இப்பெயரீடு தற்செயலானதெனினும் அது சுட்டும் முரண்பாடு தற்செயலானதன்று. மலைக்காடுகளை அழித்துப் பெருந்தோட்டங்களை நிறுவிய பொருளாதாரமே அக்காடுகளின் உயிரினங்களைத் தேடிப் பெயரிடும் ஓய்வையும் வசதியையும் ஒரு வகுப்பினருக்கு வழங்கியது. அழிப்பும் ஆவணப்படுத்தலும் அங்கு ஒரே கையின் இரு வேலைகளாக அமைந்தன.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்திற்று. அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் வழங்கிய ஆலோசனையின் பேரில் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடும் நிருவாகக் கட்டளை பிறந்திராவிடில், இன்று படமெடுக்கப்படுவதற்கு அரெங்கா எஞ்சியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. காட்டை வெட்டிய சிங்களக் கிராமத்தவரும், தோட்டத்திற் கன்று நட்டு வாழ்ந்து மடிந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரும் இவ்வரலாற்றில் பெயரின்றி நிற்கின்றனர். பறவைக்குத் துரையின் பெயர் கிடைத்தது. காட்டோரத்து லயன்களில் தலைமுறைகளாக வாழ்ந்தோரின் கண்ணறிவும் செவியறிவும் நூல்களில் இடம்பெறுவது அரிதாயிற்று.

அக்காலத்தில் பறவையைப் பதிவு செய்தல் என்பது அதனைச் சுட்டு வீழ்த்துதலே. 1878 முதல் 1880 வரை வெளிவந்த லெக் என்பாரின் இலங்கைப் பறவைகள் வரலாற்றுக்கு ஓவியம் தீட்டிய டச்சுக் கலைஞர் கூலெமன்ஸ், பாடஞ்செய்யப்பட்ட தோல்களை இலண்டனில் வைத்துக்கொண்டே வரைந்தார். அவ்வோவியங்களின் இறகு விவரங்கள் வியக்கத்தக்கன. ஆயின் பறவையின் நிற்கும் முறை, பார்வை, கிளையோடு அது கொள்ளும் உறவு ஆகியவை ஓவியரின் ஊகத்தையே சார்ந்தன. இதற்கு மாறாக, இம்மலைநாட்டிலேயே பிறந்து, கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி காட்டில் உயிரோடு கண்டவற்றை வரைந்தவர். 1955இல் வெளிவந்த அவரது இலங்கைப் பறவைகள் கைந்நூல், உயிருள்ள பறவையின் நடத்தையை அருகிருந்து நோக்கிய ஒருவரின் நூலாகவே மதிக்கப்படுகின்றது. ஓவியர் தமது நினைவில் பல காட்சிகளைத் தொகுத்து ஒன்றாக்க வல்லவர். கமராவுக்கு அவ்வாய்ப்பில்லை. அது ஒரு கணத்தை மட்டுமே பற்றும்.

கமரா துவக்கின் இடத்தைப் பிடித்தபோது அதனை மென்மையான வேட்டை எனப் பலர் வரவேற்றனர். இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர் 1892இல் முட்டைகளுடன் கூடிய கூடொன்றைப் படமெடுத்தனர். 1895இல் முழுவதும் ஒளிப்படங்களைக் கொண்ட பறவைக்கூட்டு நூலொன்றை வெளியிட்டனர். உள்ளீடற்ற எருதுப் பொம்மையொன்றினுள் மறைந்திருந்தும் அவர்கள் படமெடுத்தனர். எரிக் ஹொஸ்கிங் ஆந்தையொன்றின் கூட்டருகே படமெடுக்கும் முயற்சியில் 1937இல் தமது இடக்கண்ணை இழந்தார். எனினும் தொழிலைக் கைவிட்டாரல்லர். இவர்களின் துணிவும் பொறுமையும் மறுக்கற்பாலன அல்ல. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அக்காலப் பறவைப் படங்களுட் பெரும்பகுதி கூட்டுப் படங்களே. தாய்ப்பறவை குஞ்சுக்கு இரையூட்டும் காட்சியே அக்கலையின் நிலையான கருவாயிற்று. இதற்குக் காரணம் தாய்மையின்பால் கலைஞர் கொண்ட ஈடுபாடு மட்டுமன்று. பறவை தவறாது திரும்பி வரும் ஒரே இடம் கூடு என்பதே முதற் காரணம். கருவியின் இயலாமை கலையின் மரபாக மாறிய வரலாறு இது.

கருவியின் கணக்கு

அவ்வியலாமையின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அந்தி வேளையில் அருவியோரக் காட்டிடம் ஒன்றில், 3200 என்னும் உணர்திறனில் இயங்கும் இன்றைய எண்முறைக் கமராவுக்கு வினாடியில் 30இல் ஒரு பங்கு நேரம் போதுமாயிருக்கும் என வைத்துக்கொள்ளலாம். அதே ஒளியில், அதே துவார அளவில், 64 என்னும் வேகமுடைய பழைய நிறச்சுருளுக்கு அதைப்போல் 50 மடங்கு நேரம், அதாவது ஒன்றரை வினாடிக்கும் மேல் வேண்டும். அத்துணை நேரம் எப்பறவையும் அசையாது நிற்காது. ஆகவே செயற்கை ஒளியைப் பாய்ச்சுவதும், பறவை தப்பாது வரும் இடத்திற் காத்திருப்பதும் அன்று தவிர்க்கவியலாத வழிகளாயின. இன்று அவை தவிர்க்கத்தக்கவை. பழைய கலைஞரை மன்னிக்கும் அதே நியாயம் புதியவரை மன்னிக்கப் போதாது.

கருவியின் மற்றொரு இயல்பு இதனினும் ஆழ்ந்த விளைவுடையது. கமராவினுள் அமைந்த ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது எனக் கொண்டே கணக்கிடும். தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் தெறிக்கச் செய்யும் பரப்பே அதற்கு அளவுகோல். கரிய பறவை சட்டத்தை நிறைத்து நின்றால், அதனையும் சாம்பல் நிறமாக்க மானி முனையும். வேண்டியதற்கு மேலாக ஒளியை உள்ளே விடும். மாறாக, பறவை இலையிடுக்கின் வெள்வானத்தை முதுகிற் கொண்டு நின்றால், வானத்தைச் சாம்பலாக்க முயன்று பறவையை மை பூசிய வெறும் வடிவமாக்கும். இவ்விரண்டுக்கும் இடையே கருமையைக் கருமையாகவே நிறுத்தி, அதனுள் இறகின் அடுக்குகளையும் காட்டுவதே படக்கலையாளரின் தேர்ச்சி. கருவியின் இயல்பான சாய்வு கருமைக்கு எதிரானது. அச்சாய்வைத் திருத்துவதற்கு மனிதரின் தீர்மானம் இடையிட வேண்டியிருக்கின்றது. ஆதலின், கமரா உள்ளதை உள்ளவாறே காட்டும் என்னும் பொதுநம்பிக்கை இவ்விடத்துத் தகர்ந்து விடுகின்றது.

நீலத் திட்டின் நிலையும் இத்தகையதே. இதுபோன்ற நீலம் சாயப்பொருளால் ஆயதன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதாலும் இடையிடுவதாலும் தோன்றுவது. நேர்முகமாகப் பாய்ச்சப்படும் மின்னொளியில் அத்திட்டுத் தீப்போலச் சுடர்விடும். கருமுதுகும் நீலச்சாம்பல் பூண்டு விடும். கண்மணியில் வெண்புள்ளி தெறிக்கும். அவ்வாறெடுத்த படத்திற் காணப்படும் பறவையை எவரும் காட்டிற் கண்டதில்லை. அந்தியில் மனிதக் கண் காண்பது வேறு. ஒளி குறையக் குறையச் செந்நிறங்கள் முதலிற் கருகும். நீலம் ஒப்பளவிற் பிந்தி நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு உடலியலறிஞர் புர்க்கிஞ்சே கண்டு கூறிய உண்மை இது. அருவியோரத்து மாலையில் அரெங்கா ஒரு கருமையாக நகர்ந்து, தோளில் ஒரு மங்கல் நீலமாக மட்டும் ஒருகணம் தோன்றி மறையும். அக்கணத்துக்கு உண்மையாயிருக்கும் படம், இறகுகளை எண்ணிக் காட்டும் படத்தினின்றும் முற்றிலும் வேறானதாகவே அமையும்.

மூவகைப் படங்கள்

இப்பறவையையும் இதனையொத்த காட்டுப் பறவைகளையும் பற்றிய படங்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது கூட்டுப் படம். அதன் வரலாறு மேலே கூறப்பட்டது. இரண்டாவது தனியுருப் படம். நெடுந்தொலைவு வில்லையினால் எடுக்கப்பட்டு, பறவை சட்டத்தை நிறைத்து நிற்க, பின்னணி பச்சைக் குழம்பாகக் கரைந்து போயிருக்கும். போட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் பரிசும் இடமும் பெறுவது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது களப்படம். அதில் பறவை சிறியது. பாறை, பாசி, நீர், வேர், மூடுபனி என்பன பெரியன. பார்ப்போர் பறவையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இவற்றை மதிப்பிடுவதற்குப் பிறநாட்டு அழகியலை நாட வேண்டிய தேவையில்லை. தமிழ்ப் பொருளிலக்கணமே தக்க அளவுகோலை வழங்குகின்றது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியவற்றோடு பறவையையும் கருப்பொருளுள் அடக்கியது. இவற்றினூடே வெளிப்படும் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றது. இப்பகுப்பின் உட்கிடை யாதெனில், பறவை என்பது நிலத்தினின்றும் பொழுதினின்றும் பிரிந்து தனித்துப் பொருள் தருவதில்லை என்பதாகும். முதலின்றிக் கருவில்லை. பழைய இலக்கணம் குறிஞ்சிக்கு வகுத்த பொழுதுகளை அரெங்காவுக்கு அவ்வாறே பொருத்த வேண்டும் என்பதன்று இங்குக் கருத்து, அக்கொள்கையே கொள்ளற்பாலது.

இவ்வளவுகோலின்படி நோக்குமிடத்து, தனியுருப் படம் கருப்பொருளை வைத்துக்கொண்டு முதற்பொருளை நீக்கி விடுகின்றது. அதில் நிலமுமில்லை, பொழுதுமில்லை. அப்பறவை ஹோர்ட்டன் சமவெளியில் நிற்கின்றதா, கூண்டொன்றில் நிற்கின்றதா என்று கூறுவதற்குப் படத்தினுள் ஆதாரம் எதுவுமில்லை. இதற்கு ஒரு மறுப்பு எழலாம். உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் கூடும் எனத் தொல்காப்பியமே இடமளித்திருக்கின்றதே, ஒரு திணைக்குரிய புள்ளை வேறொரு திணையிற் பாடவும் புலவர்க்கு உரிமை உண்டன்றோ என வினவலாம். உண்மை. ஆயின் மயக்கம் வேறு, இழப்பு வேறு. திணைமயக்கத்தில் பறவை ஒரு நிலத்தினின்று இன்னொரு நிலத்துக்குச் செல்கின்றது, நிலமற்றுப் போவதில்லை. கரைந்த பின்னணியில் நிகழ்வது நிலமற்றுப் போதலே.

களப்படமோ முதலையும் கருவையும் ஒருங்கு கொள்வது; அதன்வழி உரியையும் உணர்த்துவது. இப்பறவைக்கு உரிய ஒழுக்கம் ஒதுங்கி வாழ்தல். அவ்வொதுக்கத்தைப் பார்ப்போரும் உணருமாறு, தேடினாலன்றித் தென்படாத வகையிற் பறவையை அமைப்பது உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஒன்றாக்கும் செயலாகும். ஆயினும் களப்படம் என்பதனாலேயே அது நல்ல படமாகி விடாது. பறவையை அணுகவியலாத இயலாமையைச் சூழல் என்னும் பெயரால் மறைக்கும் படங்களும் உள. கண் எங்குச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானியாது, பச்சையும் கறுப்பும் குழம்பிக் கிடக்கும் படம் காட்டைப் பற்றியும் எதுவும் கூறுவதில்லை. நீரின் ஒளிக்கோடு, சாய்ந்த வேர், அவற்றின் சந்தியில் ஒரு கருமை என, இருளையே கட்டுக்கோப்புடையதாக்கும் அமைப்புத் திறன் அதற்கு இன்றியமையாதது.

இருளைக் குறையெனக் கருதாது கலையின் மூலப்பொருளாகக் கொள்ளும் மரபு தெற்காசியாவுக்குப் புதியதன்று. 1944இல் மறைந்த லயனல் வென்ட் மனித உடலையும் இந்நாட்டு நிலக்காட்சியையும் நிழலின் பல தரங்களினூடே வடித்தவர். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரும், இயற்கை எழுத்தாளருமாகிய மா. கிருஷ்ணன், நிறச்சுருள் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர். தாமே பல உறுப்புக்களை இணைத்து அமைத்த கமராவையே அவர் பயன்படுத்தினார். நிறத்தைத் துறந்தபின் எஞ்சுவது ஒளியின் தரவேறுபாடும் உருவின் உண்மையும் ஆகும். கரும்பறவையைப் படமெடுப்போர் இவ்விருவரிடமும் கற்க வேண்டியது மிகுதி.

மறுப்பும் விடையும்

தனியுருப் படத்தின் சார்பில் இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. இரண்டும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. முதலாவது, அறிவியற் பயன் பற்றியது. ஆண் பெண் வேறுபாடு, இளம்பறவையின் இறகமைப்பு, அலகின் வடிவம் ஆகியவற்றைத் தெளிவுறக் காட்டும் படம் இனங்காண்பதற்கு வேண்டியது. ஒருகாலத்தில் இதற்காகவே பறவை கொல்லப்பட்டது. இன்று ஒரு படம் ஓர் உயிரைக் காக்கின்றது என்பர். இவ்வாதம் ஏற்கத்தக்கது. ஆயின் அது ஆவணத்தின் நியாயமேயன்றிக் கலையின் நியாயமன்று. கைந்நூலொன்றின் பக்கத்துக்கு வேண்டிய தெளிவைக் கலைப்படத்தின் இலக்கணமாக்குதல், அகராதிச் சொற்பொருளைக் கவிதையின் இலக்கணமாக்குவதை ஒக்கும். மேலும், ஆவணத்துக்குச் சில படங்கள் போதும். ஒரே கிளையில் ஒரே நிலையில் ஆயிரம் படங்கள் குவிவதால் அறிவு ஆயிரம் மடங்காவதில்லை.

இரண்டாவது வாதம் பரிவு பற்றியது. காணாத ஒன்றின்மேல் மக்கள் அன்பு கொள்ளார். அழகிய படமே காட்டைக் காக்கும் உணர்வைத் தூண்டும் என்பர். இதிலும் உண்மையுண்டு. ஆனால் எதன்மேல் அன்பு தூண்டப்படுகின்றது என்பதே கேள்வி. காடு நீங்கிய பறவையின் படம் பறவைமேல் ஆசையைத் தூண்டலாம். காட்டின்மேற் கடமையுணர்வைத் தூண்டும் என்பதற்கு உறுதியில்லை. மத்திய மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் ஆகியன 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்விடங்களிற் காக்கப்பட வேண்டியது ஒரு பறவையின் உருவமன்று. மூடுபனியும் அருவியும் பாசியும் பூச்சியும் சேர்ந்து அமைந்த ஓர் உறவுமுறை. ஹோர்ட்டன் சமவெளிக் காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றவாறே பட்டுப்போகும் நிலை பல்லாண்டுகளாக அவதானிக்கப்பட்டு வருகின்றது. பின்னணியைக் கரைத்து விடும் படத்தில் அம்மரங்களும் கரைந்து விடுகின்றன.

பார்வை என்னும் பொறி

பண்டைத் தமிழில் ‘பார்வை’ என்னும் சொல்லுக்குக் காட்சி என்னும் பொருளோடு வேறொரு பொருளும் இருந்தது. வேட்டுவர், தம்மினத்தை நம்பி வரும் விலங்கையோ பறவையையோ பிடிப்பதற்காகப் பழக்கி நிறுத்தும் உயிருக்கும் பார்வை என்றே பெயர். காண்பதும் கண்ணி வைப்பதும் ஒரே சொல்லில் உறைந்திருப்பது சிந்தனைக்குரியது.

இக்காலத்தில் அப்பழைய பார்வையின் இடத்தைப் பதிவுசெய்யப்பட்ட குரல் பிடித்துக்கொண்டுள்ளது. அரெங்காவின் சீழ்க்கையைக் கருவியிலிருந்து ஒலிக்கச் செய்தால், தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டதெனக் கருதி அங்குள்ள பறவை வெளியே வரும். இரை தேட வேண்டிய குறுகிய அந்திப்பொழுதை இல்லாத எதிரியைத் தேடுவதிற் கழிக்கும். ஒருவர் ஒருமுறை செய்வது சிறிதாகத் தோன்றலாம். பெயர்பெற்ற ஒரு குளக்கரையில் நாள்தோறும் பலர் செய்தால் அது சிறிதன்று. கூட்டருகே இலைகளை விலக்கி ஒளிக்கு வழிசெய்தல் இதனினும் கொடிது. மறைப்பு நீங்கிய கூடு பகையுயிர்களுக்கும் புலப்படும். அஞ்சிய தாய் கூட்டையே கைவிடவும் கூடும். இடத்தின் பெயரைப் படத்தோடு பரப்புதலும் இவ்வரிசையிற் சேர்க்கத்தக்கதே.

இவற்றை அறவியற் குற்றமென ஒதுக்கி, படத்தை மட்டும் தனியே அழகியல் நோக்கில் மதிப்பிடலாம் என்போர் உளர். இந்நிலைப்பாடு ஏற்புடையதன்று. குரலால் ஏமாற்றப்பட்ட பறவையின் உடல் நிமிர்ந்திருக்கும், கழுத்து நீண்டிருக்கும், பார்வை பகையைத் தேடும். அப்படம் காட்டுவது காட்டில் வாழும் அரெங்காவையன்று. கமராவினாற் கலவரமுற்ற அரெங்காவை. ஆகவே அறத்திலுள்ள பிழை படத்தின் உண்மையிலும் பிழையாகப் பதிந்து விடுகின்றது. எடுக்கப்பட்ட முறை படத்தின் புறத்தே நிற்பதன்று. அது படத்தினுள்ளேயே இருக்கின்றது. யதார்த்தம் என்பது புறத்தோற்றத்தின் நுணுக்கமான பிரதியன்று, பொருள்களுக்கிடையே உள்ள உறவின் உண்மையே என்று இலக்கிய விமர்சனத்தில் வற்புறுத்தப்படும் கருத்து இக்கலைக்கும் முற்றாகப் பொருந்துவதாகும்.

முடிபாக நோக்குமிடத்து, கரும்பறவையைப் படமாக்கும் கலை இரண்டு கடமைகளுக்கு உட்பட்டது. கருமையை விளக்கி வெளுப்பாக்காது கருமையாகவே உணர்த்துதல் ஒன்று. ஒதுங்கும் உயிரின் ஒதுக்கத்தை மீறாது, அதனையே படத்தின் பொருளாக்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் நிறைவேறும் படங்கள் தொகையிற் குறைவாகவே இருக்கும். பரிசு பெறுவனவும் அவையாக இருக்குமென்பதில்லை. பல நாட் காத்திருந்தும் அந்தி கழிந்தபின் வெறுங்கையோடு திரும்பும் ஒருவர் அக்கலையில் தோற்றவர் ஆகார். அருவியின் மறுகரையிலிருந்து எழுந்த சீழ்க்கையை அவர் கேட்டிருப்பார். தமிழ் வழக்கிற் படம் ‘எடுத்தல்’ என்றும் ‘பிடித்தல்’ என்றும் கூறப்படுகின்றது. இரண்டும் ஒன்றைத் தனதாக்கிக்கொள்ளும் வினைகள். அப்பறவைக்கும் அக்காட்டுக்கும் எதையாவது விட்டுவைக்கும் படக்கலையொன்று இந்நாட்டில் வளருமாயின், நிழற்படம் என்னும் சொல்லும் தன் முழுப்பொருளைப் பெறும்.